மாத்திரைக் கணக்கு

மயக்க மருந்து கலந்த வாளியில்
மூன்றாவது நிமிடம் சாய்கிறது மீன்.
சினூக் சால்மன் குஞ்சு. தொண்ணூற்றாறு மில்லிமீட்டர்,
என் நடுவிரலைவிடக் கொஞ்சம் நீளம்.
ஈர நுரைப்பஞ்சின் பள்ளத்தில் மல்லாத்தி
செவுளுக்குள் குழாயால் நீர் விட்டபடி
வயிற்றில் ஒரு கீறல்.
நெல்லைவிடச் சற்றே பெரிய கருவியை உள்ளே தள்ளுகிறேன்.

படகோட்டி அவிலா அதை 'பில்' என்பார்.
மாத்திரை என்று நான் மனதுக்குள் திருத்திக்கொள்வேன்.
இலக்கணத்தில் அது கண் இமைக்கும் காலம்.
இமையே இல்லாத ஒன்றுக்குள்
வைத்துத் தைக்கிறேன்.
இரண்டு தையல்.

பத்து நொடிக்கு ஒருமுறை அது தன் எண்ணைச் சொல்லும்,
மனிதக் காது எட்டாத உச்சத்தில்.
அவிலாவின் நாய்க்கும் கேட்காது. சோதித்துப் பார்த்தோம்.

*

மே மாதம். ரியோ விஸ்டா பாலத்தடியில்
காற்று வழக்கம்போல் முகத்துக்கு நேரே.
கயிற்றை இழுத்தால் முதலில் சேறு,
சிப்பி, யாரோ அறுத்துவிட்ட தூண்டில் நரம்பு,
கடைசியில் கருப்பு உருளை.
பனி உருகி வெள்ளம் வந்த நாளெல்லாம்
ஆற்றடியில் கிடந்து ஒட்டுக்கேட்டது.

எண், தேதி, மணி, நொடி.
4107 சாக்ரமெண்டோவைத் தாண்டியது, இரவில்.
வால்நட் குரோவுக்குக் கீழே ஆறு பிரிகிறது.
இடப்பக்கம் போனவற்றில் பாதி மறுபடி கேட்பதில்லை.
4107 நேராக வந்திருந்தது.
மேசையைத் தட்டினேன், கிரிக்கெட் பார்ப்பவள் போல.
ரியோ விஸ்டா: ஏப்ரல் இரண்டு, அதிகாலை மூன்று பதினான்கு.

பிறகு மறுபடி ரியோ விஸ்டா.
மறுபடி.
பாலத்தூண் அருகே ஒரு பகல் முழுக்க.
ஏப்ரல் ஐந்தில் வெள்ளத்தை எதிர்த்து
பதினோரு கிலோமீட்டர் மேலே.

கடலுக்குக் கிளம்பிய குஞ்சு அப்படி நீந்தாது.
கோடு போட்ட பாஸ் மீன் நீந்தும்.

அதன் இரைப்பைக்குள்ளிருந்து
என் தையலோடு விழுங்கப்பட்ட எண்
பத்து நொடிக்கு ஒருமுறை
நான் நான் என்றுகொண்டிருந்திருக்கிறது.
குரல் மாறவில்லை. ஆள் மாறிவிட்டது.
எந்த வரிக்கும் எந்த வரிக்கும் நடுவில் என்று
அட்டவணைக்குத் தெரியாது.

*

கேட்காததெல்லாம் சாவு இல்லை.
எஞ்சின் இரைச்சலில் சில நழுவிப் போகும்.
மேலே கேட்காத எண் கீழே கேட்டால்
மேலே நாங்கள் செவிடாயிருந்தோம் என்று பொருள்.
எங்கள் செவிட்டை மீன்களை வைத்துத்தான் அளக்கிறோம்.

கோல்டன் கேட்டில் கடைசி வரிசை.
அதற்குக் கீழே கேட்க ஆளில்லை, கடல்தான்.
அங்கே வராத எண்களில்
செத்தது எது, தவறவிட்டது எது
எந்தச் சமன்பாடும் பிரித்துத் தராது.
அறிக்கையில் அதற்கு ஒரு அடிக்குறிப்பு எழுதுவேன்.
யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அறுநூறில் முப்பத்தொன்று வந்தன.

*

திங்கட்கிழமை அவிலா
சாண்ட்விச் பையில் எதையோ கொண்டுவந்தார்.
சனிக்கிழமை பிடித்த பாஸ், எட்டு கிலோ.
குடலைக் கழுவும்போது கத்தியில் தட்டியதாம்.
"உன் பில்தானே?"
மீன் எப்படி இருந்தது என்று கேட்டேன்.
எலுமிச்சையும் பூண்டும் என்றார், கொஞ்சம் கூச்சத்தோடு.

காப்பிக் கோப்பையில் தண்ணீர் ஊற்றி அதைப் போட்டேன்.
கேட்புமுனையை நனைத்தேன்.

4107.

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு,
மெய்க்கு அரை.
உயிரும் போய் மெய்யும் போய்
ஒலி மட்டும் மிஞ்சியதற்குக் கணக்கு
நான் படித்த பாடத்தில் இல்லை.

மின்கலத்துக்கு இன்னும் எட்டு நாள் ஆயுள்.
கோப்பையைக் கொட்ட மனம் வரவில்லை.
அவிலா வேறு கோப்பையில் காப்பி குடித்தார்.
தண்ணீர் அசையவே இல்லை;
திரையில்
ஒரு வரி கூடியது.